ஒற்றை மாலுமியும் துறைமுக ஊர்களும்

சாமராஜநகருக்குக் கடல் இல்லை. எத்திசையில் சென்றாலும் உப்புக்காற்று முகத்தில் படுவதற்கு நெடுந்தொலைவு போக வேண்டும். எனினும் ஊரின் ஒரு பகுதிக்கு இராமசமுத்திரம் என்று பெயர். மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாக வரும் இருப்புப்பாதை இவ்வூரோடு நின்றுவிடுகிறது. அப்பால் சத்தியமங்கலம் செல்வோர் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையே நம்ப வேண்டும். இப்பக்கத்தில் வெட்டியெடுக்கும் கருங்கல் மட்டும் நம்மினும் பேறு பெற்றது. அது துறைமுகம் சேர்ந்து, கப்பலேறி, அயல்நாடுகளுக்குப் போய்விடுகிறது!

இத்தகைய ஊரிலிருந்து துறைமுகங்களைப் பற்றி எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அறியாத ஊரில் முதன்முதலாக மூட்டையை இறக்கி வைத்த நாளை நம் சங்கத்துக் குடும்பத்தார் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஊர் நம்மை எப்படி ஏற்றது என்பது நமக்குச் சிறு செய்தி அன்று. ஆதலின், சிறு பாய்க்கப்பலில் தன்னந்தனியே உலகைச் சுற்றியவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது, புயலையும் அலையையும் விட, அவர்கள் கரையிறங்கிய ஊர்களே நம் மனத்தைக் கவர்கின்றன.

அவர்களுள் முதல்வர் ஜோஷுவா ஸ்லோகம் என்னும் அமெரிக்கர். பெயர் நம் காதுக்குச் சுலோகம் போலவே ஒலிக்கிறது. மட்கிக் கிடந்த ஒரு பழைய படகைத் தம் கையாலேயே புதுப்பித்து, அதற்கு 'ஸ்ப்ரே' என்று பெயரிட்டு, 1895 ஏப்ரலில் பாஸ்டன் நகரிலிருந்து புறப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1898 ஜூனில், உலகைச் சுற்றி முடித்துத் தாய்நாடு திரும்பினார். படகின் நீளம் 37 அடிக்கும் சற்றுக் குறைவு. அவருக்கு நீச்சல் தெரியாது!

ஊர் ஊராக அவர் இறங்கிய கதை சுவையானது. ஹுவான் பெர்னாண்டஸ் தீவினருக்கு இனிப்புப் பணியாரம் பொரிக்கக் கற்றுக் கொடுத்தார். சமோவாத் தீவில் எழுத்தாளர் ஸ்டீவென்சனின் மனைவியார், மறைந்த தம் கணவரின் கடல்வழி நூல்களை அவருக்கு அளித்தார். மெல்போர்ன் துறைமுகத்தார் சுங்கம் கேட்டனர். ஸ்லோகம் சளைக்கவில்லை, படகை வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் தலைக்கு ஆறு பென்னி வாங்கிச் சுங்கத்தைக் கட்டினார். ராட்ரிகஸ் தீவிலோ வேறு கூத்து நடந்தது. கிறிஸ்துவுக்கு எதிரி ஒருவன் வருவான் என்று அங்குள்ள பாதிரியார் சில நாள் முன்புதான் பிரசங்கம் செய்திருந்தார். பெருங்காற்றில் வெண்பாய் விரித்துத் தனி ஒருவர் வருவதைக் கண்டதும் மக்கள் அஞ்சி ஓடினர். ஒரு மூதாட்டி வீட்டைத் தாழிட்டுக்கொண்டு வெளியே வர மறுத்தாராம்.

அங்கிருந்து அவர் சென்ற இடம் மொரீஷியசின் போர்ட் லூயி. ஆண்டு 1897. அங்கே அவருக்கு நல்ல வரவேற்பு. அதே துறைமுகத்தில் இறங்கிய நம் மக்களை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1834 முதல் 1920 வரை அத்தீவுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். வட இந்தியரோடு சென்னைக் கரையிலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் அவர்களுள் அடங்குவர். கற்படிகளில் ஏறியதும் அவர்களை எண்ணிப் பதிவுசெய்து தோட்டங்களுக்குப் பகிர்ந்தனுப்பிய கட்டடங்களின் எச்சம் ஆப்ரவாசி காட் என்னும் பெயரில் இன்றும் இருக்கிறது. 2006இல் யுனெஸ்கோ நிறுவனம் அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

1897 நவம்பரில் ஸ்லோகம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தார். பூமி தட்டை என்று வாதாடிய மூவர் அங்கே அவரைத் தேடி வந்தனர் என்பது வேடிக்கை. வேடிக்கையல்லாத செய்தியும் ஒன்று உண்டு. ஓராண்டுக்குள், அதே துறையில், கப்பலில் வந்த காந்தியடிகளும் மற்ற இந்தியரும் 20 நாளுக்கும் மேலாகக் கரையிறங்க விடாமல் தடுக்கப்பட்டிருந்தனர். பம்பாயில் கொள்ளைநோய் என்பது சொல்லப்பட்ட காரணம். 1897 ஜனவரி 13ஆம் நாள் அடிகள் இறங்கியபோது வெள்ளையர் கூட்டம் அவரைத் தாக்கியது. சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளரை அத்துறைக்குக் கொணர்ந்தது 1860 நவம்பர் 16ஆம் நாள். 37 ஆண்டு அவர்கள் உழைத்த மண்ணில், ஒற்றைப் படகில் வந்த அயலாருக்குக் கிடைத்த கைகுலுக்கல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஸ்லோகமைக் குறை கூறுவதற்கில்லை. துறைமுகம் ஒன்றேயாயினும் வாயில்கள் இரண்டாக இருந்தன.

நம் நாட்டவர் ஒருவர் விருந்தாளியாக அயல்துறைகளில் பாய் இறக்கும் காலமும் வந்தது. கடற்படையைச் சேர்ந்த கமாண்டர் திலீப் தோண்டே 2009 ஆகஸ்டு 19ஆம் நாள் மும்பையிலிருந்து தனியே புறப்பட்டு, 2010 மே மாதம் திரும்பினார். பாய்க்கப்பலில் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் அவரே. 'மாதேயி' என்னும் அவர் படகு 56 அடி நீளம். கோவாவின் திவார் தீவில் கட்டப்பெற்றது. மாதேயி என்பது மாண்டவி ஆற்றின் மறுபெயர். அவ்வாறு பிறப்பது நம் கர்நாடகத்துப் பெலகாவி மாவட்டத்தில். கடலில்லா ஊர்க்காரர் சொந்தம் கொண்டாட இவ்வளவேனும் இருக்கிறதே!

தோண்டே இடையில் தங்கியவை நான்கே துறைகள்: ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டில், நியூசிலாந்தின் லிட்டில்டன், பாக்லாந்துத் தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். வெளிநாட்டிலிருந்து வரும் படகு முதலில் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும் என்பது கடல்வழக்கு. அதிகாரிகள் வந்து பார்த்த பின்னரே மாலுமி ஊருக்குள் செல்லலாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மிஞ்சிய பழத்தையும் காய்கறியையும்கூடப் பறித்துக்கொள்வர். பூச்சியும் நோயும் நாட்டுக்குள் வரலாகாதென்ற அச்சம். பிறகு பழுது பார்த்தல், பாய் தைத்தல், தண்ணீர் நிரப்புதல் எல்லாம் உண்டு. கடலில் தனி மனிதராயினும் கரையில் பலர் கை கொடுத்தாலன்றி அடுத்த கட்டப் பயணம் இல்லை.

நான்கனுள் எம் கருத்தைக் கவர்ந்தது போர்ட் ஸ்டான்லியே. பாக்லாந்துத் தீவுகள் முழுவதிலும் நாலாயிரம் பேர்கூட இல்லை. ஹார்ன் முனையில் அடிபட்ட பழங்காலக் கப்பல்கள் அங்கே ஒதுங்கி, பழுது பார்க்கும் செலவு தாளாமல் கைவிடப்பட்டன. 'லேடி எலிசபெத்' என்னும் இரும்புப் பாய்க்கப்பல் ஒன்று இன்றும் கரையருகே துருப்பிடித்து நிற்கிறது. அம்முனையைச் சுற்றி வரும் ஒற்றை மாலுமிக்கு அக்காட்சி எத்தகைய வரவேற்பாக இருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

தோண்டேக்குக் கரையில் துணைநின்றவர்களுள் ஒருவர் அபிலாஷ் டோமி. அவர் பின்னர் அதே 'மாதேயி'யில், 2012 நவம்பர் முதல் 2013 மார்ச்சு வரை, எத்துறையிலும் நிற்காமலே உலகைச் சுற்றி வந்தார். அருஞ்செயல்தான். ஆனால் ஊர்களைப் பற்றி எழுதுகிறவனுக்கு அதில் சொல்ல எதுவுமில்லை.

2024 அக்டோபர் 2ஆம் நாள், கடற்படையின் 'தாரிணி' என்னும் பாய்க்கப்பல் கோவாவிலிருந்து புறப்பட்டது. செலுத்தியவர் இருவர்: கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. இருவர் ஆதலின் இதனைத் தனிப்பயணம் என்று கூற இயலாது. ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருந்தார். தோண்டே நின்ற அந்நான்கு துறைகளிலேயே இவர்களும் நின்றனர். தோண்டே கண்ட லிட்டில்டனை 2011இல் நிலநடுக்கம் தாக்கியது. மாலுமிகளுக்கு மணி காட்டி வந்த குன்றின்மேற் கோபுரமும் அவ்வாண்டில் வீழ்ந்தது. ஊரார் அதை மீண்டும் எழுப்பி, 2018இல் மணிக்குண்டை இயங்கச் செய்தனர். புதுச்சேரிப் பெண்மணி 2024 டிசம்பரில் அத்துறைக்குள் நுழைந்தபோது அக்கோபுரம் குன்றின்மேல் நின்றுகொண்டிருந்தது. 'தாரிணி' 2025 மே 29ஆம் நாள் கோவாவின் மர்மகோவா துறையை வந்தடைந்தது.