கட்டிலோரத்து வாக்குச்சாவடி

பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் பாதி வேலையைச் சுவரும் வாசலும் வரிசையுமே பார்த்துக்கொள்ளும். வீட்டுக்குப் போய்த் தபால் ஓட்டு வாங்கும் குழுவுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு கட்டில், மருந்துச் சீட்டுகள் கிடக்கும் மேசை, ஓடிக்கொண்டிருக்கும் டி.வி., சுற்றிலும் பாசமான நாலைந்து பேர். அதற்கு நடுவே ஒரு மறைவிடத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் படிவங்களைச் சொல்லித் தருவார்கள். பாசமானவர்களை அறையைவிட்டு வெளியே அனுப்பும் விதத்தை யாரும் சொல்லித் தருவதில்லை.

2019இல் விதி திருத்தப்பட்டு, 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு இந்த முறை வந்தது. அப்போது 80 வயதைக் கடந்தவர்களும் மாற்றுத்திறனாளிகளும் விண்ணப்பிக்கலாம். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்னால் வயதை 85 ஆக்கிவிட்டார்கள். மாற்றுத்திறன் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். இரண்டு வாக்குப்பதிவு அலுவலர்கள், நுண் பார்வையாளர், ஒரு காவலர், வீடியோ எடுக்கும் பையன் என்று ஒரு வண்டியில் கிளம்புவோம். எந்தத் தெருவுக்கு என்றைக்கு வருகிறோம் என்பது வேட்பாளர்களுக்கும் தெரியும். ஏஜென்டுகள் கூடவே வரலாம். ஆனால் முதல் இரண்டு வீட்டோடு பெரும்பாலும் காணாமல் போய்விடுவார்கள். அவர்கள் கடைசி வீடு வரை வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் நின்றால் எங்கள்மேல் பிறகு சந்தேகம் வராது.

ஓட்டுப் போடும் விதத்தை விளக்கும்போது என் விரல் வாக்குச்சீட்டைத் தொடாது. உள்ளங்கையில் டிக் போட்டுக் காட்டுவேன். சீட்டில் விரல் எந்தப் பெயருக்குப் பக்கத்தில் நிற்கிறதோ, அங்கேயே குறி விழுந்துவிடும்; பெரியவர்கள் அவ்வளவு மரியாதைக்காரர்கள். இன்னொரு தொல்லை கையெழுத்து. ஓய்வூதியம் வாங்கிப் பழகியவர்கள் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அடியில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கும் எந்த அடையாளம் இருந்தாலும் அந்தச் சீட்டு செல்லாது. அதனால் 13ஏ படிவ உறுதிமொழியில் கையெழுத்தை முதலில் வாங்கி, அதை எடுத்து ஓரமாக வைத்த பிறகுதான் வாக்குச்சீட்டை நீட்டுவேன். சீட்டு உள் உறைக்குள் போகும். உறுதிமொழி அதற்குள் போகக் கூடாது. ஒட்டிய உள் உறையையும் உறுதிமொழியையும் சேர்த்து வெளி உறையில் வைக்க வேண்டும். எண்ணும் நாளில் முதலில் தேடுவது அந்த உறுதிமொழியைத்தான். அது இல்லையென்றால் உள் உறையைப் பிரிக்கவே மாட்டார்கள்.

முதியோர் இல்லத்தில் வேலை வேறு மாதிரி. வார்டன் எல்லோரையும் கூடத்தில் வரிசையாக உட்காரவைத்திருப்பார். “நம்ம பாட்டிங்க எல்லாருக்கும் நானே போட்டுடறேன் சார், அவங்களுக்குக் கண்ணு தெரியாது” என்பார். கெட்ட எண்ணம் இருக்காது. சோறு ஊட்டுகிற கைதானே என்கிற உரிமை. ஆனால் துணையாக வருபவர் ஒருவருக்குத்தான் துணை, அடுத்தவருக்கு அவர் ஆக முடியாது. துணையைத் தேர்ந்தெடுப்பதும் ஓட்டுப் போடுபவர்தான், வார்டன் அல்ல. கூடத்தைக் கலைத்துவிட்டு நாங்கள் ஒவ்வொரு கட்டிலாகப் போவோம். அட்டைத் தடுப்பை மடியில் விரித்து, வீடியோ பையனைப் பின்பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். இந்த வேலையில் காத்திருப்பதுதான் அதிகம்.

மறதிக்காரர்கள் விஷயத்தில்தான் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். “அம்மாவுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல சார், இவங்க ஓட்டு எதுக்கு?” என்று ஒரு மகன் கேட்பார். அடுத்த வீட்டு மகன் அதே காரணத்தைச் சொல்லிப் பேனாவை வாங்கிக்கொள்ளப் பார்ப்பார். இரண்டு பேருக்கும் என்னிடம் ஒரே பதில்தான். புத்தி சுவாதீனம் இல்லையென்று நீதிமன்றம் சொன்னால்தான் ஒருவருக்கு வாக்குரிமை போகும் என்கிறது 1950ஆம் வருடச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. மகனோ மருமகளோ நானோ சொன்னால் போகாது. அதேபோல், துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று விதி சொல்வது பார்வைக் குறைவுக்கும் உடல் தளர்ச்சிக்கும்தான். நினைவு தப்பியதற்கு அதில் இடமில்லை. சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். சில அம்மாக்கள் பேரன் பெயரை மறந்திருப்பார்கள், சின்னத்தை மறந்திருக்க மாட்டார்கள். சிலர் சீட்டைத் திருப்பித் தந்துவிடுவார்கள். போட விரும்பவில்லை என்று எழுதிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

வருத்தம் வேறொன்றில். ஒரே இல்லத்தில் இருக்கும் பலருடைய பெயர் மகன் வீட்டு விலாசத்தில், வேறு ஏதோ தொகுதியில் கிடக்கும். பக்கத்துக் கட்டிலில் ஓட்டு வாங்கிக்கொண்டு இவரைத் தாண்டிப் போவோம். “எனக்கு?” என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

அப்பா அம்மாவை இல்லத்தில் சேர்த்திருப்பவர்கள் தேர்தல் வரும்வரை காத்திருக்காமல் 8ஆம் படிவம் கொடுத்து விலாசத்தை மாற்றிவிடுங்கள். தேர்தல் அறிவிக்கை வெளியானதிலிருந்து 5 நாளுக்குள் தபால் ஓட்டுக்கு விண்ணப்பிக்கும் 12டி படிவம் வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) கைக்குப் போய்விட வேண்டும். வாக்குச்சாவடிக்கு நடந்துபோகத் தெம்பிருப்பவர்களுக்கு 12டி எழுதிக் கொடுக்காதீர்கள். தபால் ஓட்டு என்று பட்டியலில் குறித்துவிட்டால் அவர்கள் சாவடியில் ஓட்டுப் போட முடியாது.