37 வாரமா, 39 வாரமா?

முழங்கை வரை கழுவி, மேலங்கி மாட்டிய பிறகே உள்ளே விட்டார்கள். சென்னையில் பச்சைக்குழந்தைகளுக்கு இதய அறுவை செய்யும் ஒரு மருத்துவமனையின் ஐசியூ. அழுகுரலே கேட்கவில்லை. தொண்டையில் குழாய் இருந்தால், குழந்தை அழுதாலும் சத்தம் வராது.

அடுத்தடுத்த வார்மர்களில் இரண்டு பையன்கள். இருவருக்குமே இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் பிறவியிலேயே இடம் மாறியிருந்தன. அவற்றை வெட்டி, மாற்றித் தைத்திருக்கிறார்கள். ஆர்ட்டீரியல் ஸ்விட்ச் என்ற இந்த அறுவை 1975-இல் பிரேசிலில் முதன்முதலாக வெற்றி கண்டது. 39 வாரம் முடித்துப் பிறந்தவனுக்கு வென்டிலேட்டரை எடுத்தாயிற்று; டியூப் வழியே தாய்ப்பால் போகிறது. 37 வாரத்தில் பிறந்தவனுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, மூச்சு வாங்கியதால் மறுபடி போட்டிருக்கிறார்கள். முகமெல்லாம் வீக்கம்.

"எடை நல்லாத்தானே இருக்கு டாக்டர்?"

"எடை இருக்கு மேடம். நுரையீரலுக்குத்தான் வயசு பத்தல."

அறுவையின்போது ஹார்ட்-லங் மெஷினில் ரத்தம் ஓடி முடிந்ததும் உடம்பு முழுக்க நீர் கோத்துக்கொள்கிறது. சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும், நுரையீரல் ஈரத்தோடு போராட வேண்டும். மற்றக் குழந்தைகள் சமாளித்துவிடும் இரண்டு வாரக் குறை இங்கே பெரிதாகிவிடுகிறது. இக்கோளாறு உள்ள பிள்ளைகளின் மூளை வளர்ச்சியும், நிறைமாதத்தில் பிறந்தால்கூட, ஏறக்குறைய ஒரு மாதம் பின்தங்கியிருக்கலாம் என்றார் டாக்டர்.

இரண்டு குழந்தைகளை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள் என்று அவரே எச்சரித்தார். அமெரிக்காவில் 92 மருத்துவமனைகளில் இதய அறுவை செய்துகொண்ட 4,784 பச்சைக்குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் 39 வாரத்துக்கு முன்பே பிறந்தவர்கள். 39 வாரம் தாண்டியவர்களோடு ஒப்பிட, 37 வாரத்தில் பிறந்தவர்களுக்கு மருத்துவமனையிலேயே இறக்கும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகம். 37, 38 வாரக் குழந்தைகளுக்குச் சிக்கல்களும் கூடின, வீடு திரும்பவும் தாமதமானது.

வெளியே பெஞ்சில் இருந்த, 37 வாரத்தில் பிறந்தவனின் பாட்டியிடம் ஏன் முன்கூட்டியே சிசேரியன் என்று கேட்டேன். "நல்ல நட்சத்திரம்னாங்கம்மா. 37 ஆயிடுச்சு, எடுக்கலாம்னு ஆஸ்பத்திரிலயும் சொன்னாங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்கேனிலேயே குறை தெரிந்திருக்கிறது. அப்போதே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறினாலோ சிசுவின் துடிப்பு தடுமாறினாலோ காத்திருக்க முடியாது. நாள் பார்ப்பதற்கும், டாக்டரின் வசதிக்கும் அந்த இரண்டு வாரத்தைக் கொடுப்பது அநியாயம்.

கருவின் இதயத்தை ஸ்கேன் செய்யும் அறையில் இப்போது ரிப்போர்ட்டின் கடைசியில் சிவப்பு மையில் எழுதித் தருகிறார்கள்: "காரணமின்றி 39 வாரத்துக்கு முன் பிரசவம் வேண்டாம்."