இரண்டு சர்வர் இருந்தும்...

சென்ற வாரம் காலை நடைப்பயிற்சியை முடித்துவிட்டுப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நண்பர் ஒருவர் அலுத்துக்கொண்டார். பாஸ்புத்தகத்தில் வரவு செலவு பதிவு செய்ய வங்கிக்குப் போயிருக்கிறார். 'சர்வர் டவுன், நாளைக்கு வாங்க' என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"நீங்க கம்ப்யூட்டர் பிரிவுல இருந்தவர்தானே சார்? இவ்வளவு பெரிய பேங்க், இன்னொரு சர்வர் வாங்கி வெச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"வெச்சிருப்பாங்க சார். ரெண்டு இருந்தாலும் சில சமயம் நிக்கும்" என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2004 ஆம் ஆண்டு. சென்னையில் ஒரு அலுவலகத்தின் தலைமையகத்தில் கணினிப் பிரிவுக்கு நான் பொறுப்பு. எல்லாப் பிரிவுகளின் கோப்புகளும் ஒரே ஒரு ஃபைல் சர்வரில் இருந்தன. கணக்குப் பிரிவின் எக்செல் தாள்கள், சம்பளப் பட்டியல், கடிதங்கள் எல்லாம் அதில்தான். ஹார்டு டிஸ்க் ஒன்று கெட்டாலும் தகவல் போகாதபடி ஐந்து டிஸ்க்குகளை 'ரெய்டு' முறையில் இணைத்திருந்தோம். அந்தத் தைரியத்தில் நிம்மதியாக இருந்தேன்.

ஜூன் மாதக் கடைசியில் சர்வர் நின்றது. டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்தையும் இயக்கும் கன்ட்ரோலர் அட்டை போய்விட்டது. மாற்று அட்டை வந்து, டேப்பிலிருந்து கோப்புகளைத் திரும்ப ஏற்றி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் சம்பளம் தள்ளிப்போனது. கடைநிலை ஊழியர் ஒருவர் என் அறை வாசலில் வந்து நின்று, "சார், நாளைக்காவது வந்துடுமா? பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்" என்று கேட்டார். மேலதிகாரியின் திட்டு மறந்துவிட்டது. அந்தக் கேள்வி மறக்கவில்லை.

மறு ஆண்டு நிர்வாகம் பணம் ஒதுக்கியது. விண்டோஸ் சர்வர் 2003 என்டர்பிரைஸ் பதிப்பில் இரண்டு சர்வர்களைக் கொண்ட 'கிளஸ்டர்' அமைப்பது என்று முடிவாயிற்று. அது என்னவென்று நண்பருக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன்.

இரண்டு சர்வர்கள். இரண்டுக்கும் பொதுவாக, தனிப் பெட்டியில் ஹார்டு டிஸ்க்குகள். கோப்புகள் எந்த சர்வரின் வயிற்றிலும் இல்லை, அந்தப் பொதுப் பெட்டியில் இருக்கின்றன. ஒரு சர்வர் வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே தனியாக ஒரு கேபிள் போட்டு, ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்குப் பெயரே 'ஹார்ட் பீட்', இதயத் துடிப்பு. தொடர்ந்து சில துடிப்புகள் வராவிட்டால் காத்திருக்கும் சர்வர் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். ஊழியர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் தேடிப் போவது கிளஸ்டருக்குக் கொடுத்த பொதுப்பெயரை. அந்தப் பெயரும் அதன் ஐ.பி. முகவரியும் சேர்ந்து அடுத்த சர்வருக்கு மாறிவிடும்.

"சரி, சர்வர் ரெண்டும் நல்லா இருந்து நடுவுல கேபிள் மட்டும் அறுந்தா?" என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. 'அவன் போய்விட்டான்' என்று இரண்டுமே நினைத்துக்கொண்டு ஒரே டிஸ்க்கில் எழுத ஆரம்பித்தால், ஒரே பேரேட்டில் இரண்டு குமாஸ்தாக்கள் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் எழுதிய கதையாகிவிடும். அதற்காகத்தான் 'கோரம் டிஸ்க்' என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ரயில் டிரைவருக்குப் பிரம்பு வளையத்தில் வைத்து டோக்கன் கொடுப்பார்களே, நினைவிருக்கிறதா? டோக்கன் கையில் இருக்கும் வண்டிதான் அந்தப் பாதைக்குள் போகலாம். அதுபோல, சந்தேகம் வரும்போது கோரம் டிஸ்க்கை யார் கைப்பற்றுகிறாரோ அவரே வேலையைத் தொடரலாம். மற்றவர் ஒதுங்கிவிட வேண்டும்.

அமைத்துக் கொடுக்க ஒரு இளைஞர் வந்தார். இருபத்தைந்து வயதுதான் இருக்கும், ஆனால் கெட்டிக்காரர். சர்வர் அறைக்குள் நுழைந்ததும் கணினியைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தார். "சார், ரெண்டு சர்வரும் ஒரே யு.பி.எஸ்.ல இருக்கே?" என்றார். அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. நெட்வொர்க் ஸ்விட்சும் ஒன்றுதான் இருந்தது. இன்னொரு யு.பி.எஸ்., இன்னொரு ஸ்விட்ச் என்று மேலும் மூன்று வாரம் ஆனது.

எல்லாம் முடிந்து ஒரு சனிக்கிழமை மதியம் சோதனை வைத்தோம். முதல் சர்வரின் மின் கேபிளை நானே பிடுங்கினேன். சொன்னால் சிரிப்பீர்கள், கை நடுங்கியது. திரையில் ஒவ்வொன்றாக இரண்டாவது சர்வருக்கு மாறின. டிஸ்க், முகவரி, பெயர், கோப்புப் பகிர்வு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கைதட்டினோம்.

அப்போது கணக்குப் பிரிவிலிருந்து தொலைபேசி. சோதனைக்காக அங்கே ஒரு அம்மாவை உட்கார வைத்திருந்தோம். "சார், ஃபைல் திறக்க மாட்டேங்குது. 'அக்சஸ் டினைடு'ன்னு வருது" என்றார்.

திறந்து வைத்திருந்த கோப்புகளின் தொடர்பு மாறும்போது அறுந்துபோகும், மூடித் திரும்பத் திறக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் குறையைத் தீர்க்கும் வசதி 2012 ஆம் ஆண்டு பதிப்பில்தான் வந்தது. ஆனால் இது அது இல்லை. யார் திறந்தாலும் 'அனுமதி இல்லை'. கோப்பு இருக்கிறது, சர்வர் ஓடுகிறது, பெயர் சரி, முகவரி சரி. ஆனாலும் யாரையும் உள்ளே விடவில்லை.

மாலை ஆறு மணிக்குத்தான் காரணம் பிடிபட்டது. தவறு என்னுடையது. பழைய வழக்கப்படி, யார் யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்ற குழுக்களை முதல் சர்வரிலேயே 'லோக்கல்' குழுக்களாக உருவாக்கியிருந்தேன். அந்தக் குழு அந்த ஒரு சர்வருக்கு மட்டுமே தெரியும். இரண்டாவது சர்வரைப் பொறுத்தவரை அப்படி ஒரு குழுவே உலகத்தில் இல்லை. இரண்டு சர்வருக்கும் பொதுவான டொமைனில் குழுக்களை உருவாக்கி, எல்லா அனுமதிகளையும் அதற்கு மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போனது.

"கேபிளைப் பிடுங்காம விட்டிருந்தா இது எப்ப தெரிஞ்சிருக்கும் சார்?" என்று அந்த இளைஞர் கேட்டார். நிஜமாகவே சர்வர் போகும் அன்றைக்குத்தான். அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை செய்வதை நான் ஓய்வு பெறும்வரை விடவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஓய்வுபெற்ற பின், 2017 இல் ஒரு நாள் விடியற்காலை நெஞ்சுவலி. மருத்துவமனையில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். அவசரமாக முன்பணம் கட்டச் சொன்னார்கள். என் மனைவிக்கு ஏ.டி.எம். ரகசிய எண் தெரியாது. சேமிப்புக் கணக்கு என் பெயரில் மட்டும். வைப்புத்தொகைக்கு அவளை நாமினியாகப் போட்டிருந்தேன், அதுவே போதும் என்று நினைத்திருந்தேன். அவள் வங்கிக்கு ஓடினாள். மேலாளர் தன்மையாகத்தான் சொன்னாராம், "அம்மா, நாமினேஷன் அவர் காலத்துக்கு அப்புறம்தாம்மா. அவர் இருக்கும்போது உங்களுக்குக் கொடுக்க முடியாது" என்று. லாக்கர் சாவி அவள் கையில் இருந்தது. உள்ளே இருந்தது அவளுடைய நகைதான். ஆனால் லாக்கரும் என் பெயரில்.

பெங்களூரிலிருந்து மகன் பணம் அனுப்பினான், காரியம் நடந்தது. இரண்டு நாள் கழித்து அவள் இதையெல்லாம் சொன்னபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் என் இதயத் துடிப்பு திரையில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. பணம் இருந்தது, சாவி இருந்தது, ஆளும் இருந்தாள். அனுமதி மட்டும் ஒரே சர்வரில் இருந்தது. அலுவலகத்தில் செய்த அதே தவறைப் பன்னிரண்டு வருடம் கழித்து வீட்டிலும் செய்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கணக்கு, வைப்புத்தொகை, லாக்கர் மூன்றையும் இருவர் பெயருக்கு மாற்றினேன். 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில். வெறும் கூட்டுக் கணக்கு என்று விட்டுவிடாதீர்கள், இருவரும் கையெழுத்துப் போட வேண்டிய முறையும் உண்டு. நாமினியை மகன் பெயருக்கு மாற்றினேன். எல்லா விவரத்தையும் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்தேன்.

பிறகு சோதனை. ஒரு நாள் முழுக்க நான் வாயே திறக்காமல் ஈசிசேரில் உட்கார்ந்திருக்க, மின் கட்டணம், கேஸ் பதிவு, பணம் எடுப்பது எல்லாம் அவளே செய்ய வேண்டும். பத்தே நிமிடத்தில் நின்றது. ஓ.டி.பி. என் போனுக்கு வருகிறது, என் போன் என் விரல் வைத்தால்தான் திறக்கும்! அன்றைக்கே அவள் விரலையும் அதில் பதிந்தோம்.

அன்று மாலை காபி கொடுக்கும்போது அவள் கேட்டாள், "ஏங்க, நீங்க படுத்தா நான் பாத்துக்கிறதுக்கு இவ்வளவு ஏற்பாடு பண்ணீங்களே, நான் படுத்தா?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என் பொறுப்பு. ரசம் தேறிவிட்டது. சாம்பார் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது.