துப்பாக்கி இல்லாத மரை வேட்டை

உதகமண்டலத்துக்குப் போய் வந்த நேயர்களில் பலர், 'எல்க் ஹில்' என்னும் குன்றின் மேலுள்ள முருகன் கோயிலைத் தரிசித்திருப்பார்கள். முருகப் பெருமானுக்கு மயிலைத் தெரியும், சேவலைத் தெரியும். ஆனால் இந்த 'எல்க்' என்பது என்ன பிராணி என்று கேட்டால், அவர்கூடச் சற்று யோசிக்க வேண்டியதுதான்.

ஐரோப்பாவின் வட பகுதியில் இந்தப் பெயரால் வழங்குவது, விரித்த உள்ளங்கையைப் போன்ற அகன்ற கொம்புகளையுடைய ஒரு பெரிய மிருகம். அதையே அமெரிக்காவில் 'மூஸ்' என்கிறார்கள். அங்கே 'எல்க்' என்று பெயர் பெற்றது வேறொரு மான். ராக்கி மலைச் சாரல்களில் புரட்டாசி மாதக் குளிரில் ஊதுகுழல் ஊதுவதுபோல் கூவும் 'வாப்பிட்டி' என்னும் ஜாதி அது. இவ்விரண்டில் ஒன்றாவது நீலகிரியில் ஒரு நாளும் புல் மேய்ந்ததில்லை. மலையேறி வந்த ஆங்கிலேயர்கள் நம்முடைய கடமானைக் கண்டு, தங்களுக்குத் தெரிந்த ஒரு பெயரை அதற்குச் சூட்டிவிட்டார்கள். இலங்கையிலும் அப்படியே செய்தார்கள். நுவரெலியாவுக்கு அருகே 'எல்க் பிளெயின்ஸ்' என்றே ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அந்நாட்டுத் தமிழர்கள் கடமானை 'மரை' என்றுதான் சொல்லுகிறார்கள். சங்கச் செய்யுட்களில் வழங்கிய அந்தப் பழைய சொல் தேயிலைத் தோட்டத்து லயங்களில் இன்றும் உயிரோடிருக்கிறது. 'மரை' என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது என் தகப்பனாரின் வாயிலிருந்துதான். தமிழ் இலக்கியம் படித்தது அதற்குப் பல வருஷங்களுக்குப் பின்பு.

இலங்கை மலைகளில் 'எல்க்' வேட்டையைப் பிரபலப்படுத்தியவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில், 1864-ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு புகழ் பெற்றவர் அவர். அதற்கு முன் சில வருஷங்கள் நுவரெலியாவில் குடியிருந்தார். வேட்டை நாய்களைச் சீமையிலிருந்து கொண்டுவந்து வளர்த்தார். துப்பாக்கியால் சுடுவதைவிட, நாய்களை ஏவி மரையைத் துரத்தி, அது ஓடையில் இறங்கி எதிர்த்து நிற்கும்போது கத்தியுடன் நெருங்கிக் கொல்வதையே மேலான விளையாட்டாகக் கருதினார். அதைப் பற்றி 1854-இல் ஒரு புத்தகமும் எழுதி வெளியிட்டார்.

துரைமார்களின் புத்தகங்களில் நாய்களின் பெயர்கள் இருக்கின்றன. எந்த நாய் எந்தக் கணவாயில் எப்படிக் குரைத்தது என்பதெல்லாம் இருக்கிறது. அந்த நாய்களுக்குச் சோறு வடித்துப் போட்டு, காயத்துக்கு மருந்து கட்டி, பனியில் அவற்றின் பின்னால் வெறுங்காலோடு ஓடிய மனிதர்களின் பெயர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். என் பாட்டனார் அப்படிப்பட்ட ஒருவர்.

ஹோட்டன் சமவெளியின் தெற்குச் சரிவுக்குக் கீழே ஒரு தோட்டத்தில் அவர் நாய்க்காரராக இருந்தார். 1930-ஆம் ஆண்டுக்குச் சற்று முன்னோ பின்னோ நடந்த ஒரு வேட்டையில், மரை ஒன்று ஓடை நடுவே திரும்பி நின்றுகொண்டது. இரண்டு நாய்களை அது கொம்பால் வாரி எறிந்தது. மூன்றாவது நாயைக் காப்பாற்றப் பாட்டனார் தண்ணீரில் குதித்தார். கொம்பு அவருடைய தொடையில் பாய்ந்தது. மரையை அன்று கொன்றார்கள். கொம்புகள் பங்களாத் தாழ்வாரத்துக்குப் போயின. பாட்டனாருக்கு ஒரு கம்பளி கிடைத்தது. அத்துடன், சாகும் மட்டும் நொண்டி நடக்கும் ஒரு காலும் கிடைத்தது.

விசித்திரம் என்னவென்றால், அந்த மிருகத்தின் மேல் அவருக்குக் கொஞ்சமும் கோபம் உண்டாகவில்லையாம். ராத்திரி வேளைகளில் லயத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு, அது தண்ணீரில் நின்ற நிலையைத்தான் திரும்பத் திரும்ப வர்ணிப்பாராம். என் தகப்பனார் பார்த்ததெல்லாம் பங்களாச் சுவரில் மாட்டிய கொம்புகளைத்தான். தலைக்கு மேலே மலை தெரிந்தது. ஆனால் வேலையும் கட்டுப்பாடும் நிறைந்த தோட்டத்துச் சிறுவர்களுக்கு அந்த மலை உச்சி ஏறிப் பார்க்கும் இடமாக இருக்கவில்லை.

பிறகு வந்த சரித்திரம் நேயர்கள் அறிந்ததே. 1948-ஆம் ஆண்டின் பிரஜா உரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964-இல் ஸ்ரீமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை உரிமை கொடுப்பதென்றும் கணக்குத் தீர்த்தார்கள். அந்தக் கணக்கில் ஓர் எண்ணாக, 1972-ஆம் ஆண்டில், தம் 30-ஆவது வயதில், என் தகப்பனார் தலைமன்னாரில் கப்பலேறினார். கோத்தகிரிப் பக்கத்தில் மறுபடியும் தேயிலைதான், மறுபடியும் பனிதான். என்னைப் படிக்க வைத்தார். நான் உபாத்தியாயராகி, அவரும் வேலையிலிருந்து ஓய்ந்தார். எதையும் கேட்டுப் பெறும் வழக்கமில்லாத அவர், தமது 81-ஆவது வயதில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "தம்பி, மகா எலிய மலைமேல ஒரு தரம் ஏறிப் பாக்கணும். உசுரோட நிக்கிற மரை ஒண்ணப் பாக்கணும்" என்றார்.

மகா எலிய என்பது ஹோட்டன் சமவெளிக்குச் சிங்கள மக்கள் வைத்த பெயர். 'பெரிய வெளி' என்று பொருள் கொள்ளலாம். 'ஹோட்டன்' என்பது 1831 முதல் 1837 வரையில் இலங்கையில் கவர்னராயிருந்த ஒருவருடைய பெயர்.

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நாங்கள் கிளம்பினோம். பெட்டியில் இருந்தவை அவருடைய மூட்டு வலித் தைலமும், இரண்டு கம்பளிச் சட்டைகளும், ஒரு கைத்தடியுமே. 51 வருஷங்களுக்கு முன் கப்பலில் கடந்த கடலை இப்போது ஆகாய விமானம் ஒரு தூக்கம் போடுவதற்குள் கடந்துவிட்டது. கொழும்பிலிருந்து மலைநாட்டு ரெயில். ரெயில் ஏற ஏற அப்பா ஜன்னலை விட்டு நகரவில்லை. "இது கவ்வாத்து வெட்டின மலை", "இங்கே கொழுந்து நல்லா வருது" என்று, ஏதோ நேற்றுத்தான் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தவரைப்போல் சொல்லிக்கொண்டே வந்தார். நானுஓயாவில் இறங்கி, நுவரெலியாவில் இரவு தங்கினோம்.

மறுநாள் விடியற்காலை நான்கரை மணிக்கு வண்டி வந்தது. சாரதி மலைநாட்டுத் தமிழ் வாலிபர். அப்பாவின் பேச்சைக் கேட்டதுமே, "ஐயா நம்ம ஊர்ப் பக்கமா?" என்று கேட்டார். பட்டிப்பொல என்னும் சிற்றூரில் இலங்கையின் மிக உயரமான ரெயில் நிலையம் இருக்கிறது; ஏறக்குறைய 6,200 அடி. அதையும் தாண்டி வளைந்து வளைந்து ஏறினால், 7,000 அடி உயரத்தில் மலை திடீரென்று மட்டமாகிவிடுகிறது.

அந்தக் காட்சியை என்னவென்று சொல்வது! புல்வெளி, அதன் விளிம்பில் கரிய சோலை, மறுபடியும் புல்வெளி. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று பெரிய நதிகளுக்கும் இங்கே ஊற்றுக்கண் இருக்கிறது. இலங்கைச் சிகரங்களில் இரண்டாவது, மூன்றாவது உயரமுள்ள கிரிகல்பொத்தையும் தொட்டுபொலையும் இருபுறமும் காவல் நிற்கின்றன. அன்று புல் நுனிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. சிவந்த பூக்களோடு நின்ற ரோடோடென்ட்ரன் மரத்தை அப்பா கைத்தடியால் சுட்டிக் காட்டி, "நம்ம மலையில இருக்கிறதும் இதுதானே! இதுக்கு யாரும் பாஸ்போர்ட்டுக் கேக்கலபோல" என்றார்.

வாசலில் காவலர்கள் பைகளைத் திறந்து, பாலிதீன் உறை ஒன்றுகூட உள்ளே போகாதபடி பார்க்கிறார்கள். மரைகள் அதைத் தின்று மாண்டுபோகின்றனவாம். உள்ளே, தாமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயரால் வழங்கும் பழைய வேட்டை விடுதி இருக்கிறது. இப்பொழுது அது யாத்திரிகர்களுக்கான காட்சிச்சாலை. அதன் முன்னே, வண்டிகள் நிற்கும் இடத்தில், பெரிய மரை ஒன்று சாவதானமாக நின்றுகொண்டிருந்தது. ஜனங்கள் சூழ்ந்து நின்று படமெடுத்தார்கள். ஒரு குழந்தை பிஸ்கோத்தை நீட்டியது. காவலர் ஓடி வந்து தடுத்தார்.

"அப்பா, இதோ பார்த்துவிட்டீர்களே!" என்றேன்.

அப்பா அதை மேலும் கீழும் பார்த்தார். "இது மரை இல்ல, தம்பி. கோயில் மாடு" என்றார்.

அங்கிருந்து, 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பாறைக்கு இரண்டரை மைலுக்கு மேல் நடை. அங்கே பூமி சுமார் 2,800 அடி நேராகக் கீழே விழுகிறது. வானம் தெளிந்திருந்தால் அடியிலே தோட்டங்களும் லயங்களும் தெரியும். தாம் பிறந்த லயத்தை மேலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய இரண்டாவது ஆசை. ஆனால் ஒன்பது, பத்து மணிக்குள் மூடுபனி எழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். மெள்ள நடந்தோம். ஒரு மைல் போனதும் அவருடைய வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தடியை ஊன்றும் சப்தத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. ஓர் ஓடைக் கரையில் நான் நின்றேன்.

"அப்பா, இதற்கு மேல் போனால் திரும்பி வரும் நடையும் இருக்கிறது" என்றேன்.

அவர் எதிர்ப் பக்கத்தில் ஏறிச் செல்லும் பாதையை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்து, "நீ மட்டும் போயிப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். நான் போகவில்லை, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தைலம் தேய்த்துவிட்டேன். யாத்திரிகர்கள் எங்களைக் கடந்து போனார்கள். பிறகு நடமாட்டம் ஓய்ந்து, ஓடைச் சப்தம் மாத்திரம் மிஞ்சிற்று.

அப்பாதான் முதலில் என் கையைப் பிடித்தார். சோலையின் ஓரத்தில் மூன்று பெண் மரைகள். அவற்றுக்குப் பின்னால், பிடரி மயிர் அடர்ந்த ஓர் ஆண். கிளைத்த கொம்புகளில் பாசி தொங்கியது. அது தண்ணீருக்குள் இறங்கி, முழங்கால் அளவில் நின்று, தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. முன்காலால் ஒரு தட்டுத் தட்டிற்று. பிறகு, காலி டின்னைக் கழியால் அடித்தாற்போல், 'டாங்க்' என்று ஒரு குரல் கொடுத்தது. சோலை முழுதும் அது எதிரொலித்தது.

அப்பா தடியை ஊன்றி எழுந்து நின்றார். பெரியவர்கள் யாராவது வந்தால் லயத்தில் எழுந்து நிற்பார்களே, அப்படி. மரை ஓடவில்லை. பெண் மரைகள் ஓடையைத் தாண்டும் வரையில் நின்று, பிறகு தானும் நிதானமாகக் கரையேறிப் புல்லுக்குள் மறைந்தது.

"எங்கப்பா சொன்னது நெசந்தான். இப்பிடித்தான் நின்னிருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "நாய் இல்லேன்னு அதுக்குத் தெரியுது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, பனித் துளியைத் துடைத்தாரா என்று நான் பார்க்கவில்லை. பிள்ளைகள் பார்க்கக் கூடாத சில விஷயங்கள் உண்டு. உலக முடிவுக்குப் போய்த் திரும்பியவர்கள், வெள்ளைச் சுவரைப்போல மூடுபனியைத்தான் கண்டதாகச் சொன்னார்கள். அவர் பிறந்த லயம் அன்று எவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

இந்த மிருகம் இன்று அப்படி நிற்பது தானாக நேர்ந்ததல்ல. வேட்டைப் பிராணிகள் குறைந்துபோவதைக் கண்டு, 1894-இல் வேட்டைக்காரர்களே கூடி ஒரு பாதுகாப்புச் சங்கம் ஆரம்பித்தார்கள். 1937-இல் வனஜீவிகளுக்கும் தாவரங்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஹோட்டன் சமவெளி 1969-இல் காப்பகமாகி, 1988-இல் தேசிய வனமாயிற்று. 2010-இல் மத்திய மலைநாட்டின் ஏனைய வனங்களோடு உலகப் பாரம்பரிய ஸ்தலமாக ஏற்கப்பட்டது. பேக்கர் காலத்தில் இங்கே திரிந்த யானைகள் மட்டும் திரும்பி வரவில்லை. சட்டம் அவற்றுக்குப் பிந்திவிட்டது. மரைக்கு வேளையோடு வந்தது.

மனிதர்களின் காரியமும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. வீட்டில் வயதான தாய் தகப்பனார் உள்ள நேயர்கள் அவர்களை ஒரு முறை கேட்டுப் பார்க்கட்டும். அவர்கள் பார்க்க விரும்பும் இடம் காசியாகவும் இருக்கலாம். ஒரு பழைய பள்ளிக்கூடத்துக் கிணற்றடியாகவும் இருக்கலாம். முழங்கால் இடங்கொடுக்கும் காலத்திலேயே புறப்பட வேண்டும். தைலம் அவசியம், கம்பளி அவசியம், அவசரம் கூடாது. பாதி வழியில் உட்கார நேர்ந்தால், கூடவே உட்கார்ந்துவிடுவதே நலம். வரவேண்டியது சில சமயம் அங்கேயே வந்து நிற்கிறது.