பிவானி: சின்னக் காசியில் குத்துச்சண்டை

டில்லிக்கு மேற்கே சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில், ஹரியானா ராஜ்யத்தில் உள்ளது பிவானி நகரம். குளிர்காலத்தில் வழிநெடுகக் கடுகு வயல்கள் மஞ்சள் பட்டு விரித்தாற்போலப் பூத்துக் கிடக்கும். கோயில்கள் மலிந்த ஊராதலின் ‘சின்னக் காசி’ என்று இதனை அழைப்பர். இக்காலத்தில் ‘சின்னக் கியூபா’ என்ற பெயரும் வழங்குகிறது. கியூபாவைப் போலக் குத்துச்சண்டை வீரர்கள் விளையும் பூமி என்பது அதன் தாத்பரியம்.

அப்பெயர் சும்மா வந்ததன்று. இப்பிரதேசத்து வீரர் ஹவா ஸிங், பாங்காக்கில் 1966-லும் 1970-லும் நடந்த ஆசிய விளையாட்டுகளில் தங்கப் பதக்கம் பெற்றார். 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில், அருகிலுள்ள காலுவாஸ் கிராமத்து பஸ் டிரைவரின் குமாரர் விஜேந்தர் ஸிங் வெண்கலம் வென்றார். குத்துச்சண்டையில் பாரத நாடு அடைந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே.

நாம் சென்றிருந்தபோது, பயிற்சிக் கூடமொன்றில் பொழுது புலருமுன்பே வாலிபர்கள் தொங்கும் மூட்டைகளைக் குத்திக்கொண்டிருந்தனர். மகனுக்காகக் காத்திருந்த விவசாயி ஒருவர், நாம் உபாத்தியாயர் என்று அறிந்ததும் அருகில் வந்தார்.

“மாஸ்டர்ஜீ, பையன் ராஜ்யப் போட்டியில் ஜயித்துவிட்டான். ரயில்வேயில் உத்தியோகம் கிடைக்கும்போல் இருக்கிறது. அவனோ, பணத்துக்குச் சண்டை போடும் தொழிலுக்குப் போகிறேன் என்கிறான். பதக்கம் வாங்கியவன் அதிலும் ஜயிப்பான் அல்லவா?” என்றார்.

அவ்வாறு நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. 1960-ல் ரோமாபுரியில் தங்கம் வென்ற முகம்மது அலி, 1964-ல் தொழில் வீரர்களின் உலகப் பட்டத்தையும் கைக்கொண்டார் என்பது மெய்யே. ஆனால் 1984-ல் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வில் மைக் டைஸனை இருமுறை தோற்கடித்துத் தங்கமும் பெற்ற ஹென்றி டில்மன், உலகப் பட்டத்தை எட்டவேயில்லை. டைஸனோ 1986-ல், இருபதாம் வயதிலேயே அதை அடைந்தார். 1990-ல் இருவரும் மீண்டும் மோதியபோது, முதற் சுற்றிலேயே டில்மன் வீழ்ந்தார்.

காரணம் யாதெனில், இரண்டும் ஒரே வித்தையானாலும் ஒரே சோதனை அல்ல. அமெச்சூர் பந்தயம் மூன்றே சுற்று. வேகமும், சுத்தமாகப் படும் குத்தும் அங்கே போதும். தொழிலில் பட்டத்துக்கான சண்டை பன்னிரண்டு சுற்று வரை நீளும். அடி தாங்கும் சக்தியும் பொறுமையும் வேண்டும். எதிரியைப் பொறுக்கிப் பந்தயம் ஏற்பாடு செய்யும் முதலாளியின் தயவும் வேண்டும். விஜேந்தரே 2015-ல் தொழிலில் இறங்கிப் பன்னிரண்டு பந்தயங்களைத் தொடர்ந்து வென்றார். 2016-ல் ஆசிய பசிபிக் பட்டமும் பெற்றார். எனினும் 2021-ல் கோவாவில் முதல் தோல்வி நேர்ந்தது. உலகப் பட்டத்துக்கான சண்டை அவருக்கு வாய்க்கவில்லை.

“பதக்கம் வாசலைத் திறக்கும், ஐயா; உள்ளே நெடுந்தூரம் நடக்க வேண்டும். உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டு, படிப்பையும் முடிக்கட்டும். பிறகும் ஆசை இருந்தால் தடுக்க வேண்டாம்” என்றோம்.

அவர் தலையசைத்தார். திருப்தியா, வருத்தமா என்று நமக்கு விளங்கவில்லை. உள்ளே பையன் குத்துவதை நிறுத்தவில்லை.