தொங்கோல் தேடி லுமுட் கடலுக்கு



தோட்டத்து மக்களாகிய நமக்கு மீன் பிடிப்பது புதிய கலை அன்று. பால்மரம் வெட்டிய காலத்தில், காலையில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிற்பகலில் தூண்டிலும் கையுமாகக் கால்வாய்ப் பக்கம் போகாத ஆண்பிள்ளையைக் காண்பது அரிது. விரால், கெளுத்தி, செப்பாட் என்று கிடைத்ததைக் கோரைப்புல்லில் கோத்துக் கொண்டு வருவார்கள். கிந்தா வட்டாரத்திலோ பழைய ஈயக் குட்டைகளே நமக்குக் கடல்!

உண்மையான கடல் அப்படி ஒன்றும் தூரத்தில் இல்லை. ஈப்போவிலிருந்து லுமுட் 80 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆயினும் நம்மில் பலர் கடலைக் கண்டது பங்கோர் தீவுக்கு ஃபெர்ரியில் போன ஒரு நாளில் மட்டுமே. கடல் மீனோ, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வரும் மீன்காரர் வழியாகத்தான் நம் வாசலுக்கு வருகிறது. அந்தப் பெட்டியிலே கெம்போங் இருக்கும், நெத்திலி இருக்கும், சில நாள் தொங்கோலும் இருக்கும்.

தொங்கோல் என்றதும் பல வீடுகளில் முகம் சுளிப்பார்கள். "அது கரப்பான் மீன், சாப்பிட்டால் உடம்பு முழுக்கத் தடித்துப் போகும்" என்பார்கள். "கறுப்பு இரத்தம், சூடு" என்று பாட்டிமார் ஒதுக்கி வைப்பார்கள். நானும் அப்படிக் கேட்டே வளர்ந்தவன். என்னோடு ஒரே தோட்டத்தில் பிறந்து, அங்கே ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு சித்தியவானில் குடியேறிவிட்ட நண்பர் ஒருவர் மட்டும் இதை ஒப்புக்கொள்வதில்லை. "வாத்தியாரே, மீன் மேல் பழி போடாதீங்க. ஒரு நாள் கடலுக்கு வாங்க, காட்டுறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு பள்ளி விடுமுறையில் புறப்பட்டுவிட்டேன்.

ஈப்போவிலிருந்து லுமுட் போகும் சாலை நம் கதையையே சொல்லிக்கொண்டு போகிறது. பூசிங், சிப்பூத்தே, துரோனோ எல்லாம் ஒரு காலத்தில் ஈயத்தால் வாழ்ந்த ஊர்கள். இன்று மிஞ்சியிருப்பவை குட்டைகளும் மணல்மேடுகளும். ஸ்ரீ இஸ்கண்டாரில் பெரிய பல்கலைக்கழகம் எழுந்திருக்கிறது. போத்தாவில் பேராக் ஆற்றைக் கடந்தால் இருபுறமும் செம்பனை. ஆயர் தாவார், சித்தியவான் தாண்டியதும் காற்றிலே உப்பு வாடை வந்துவிடும்.

விடியுமுன் படகில்

அதிகாலை ஐந்து மணிக்குப் படகுத்துறையில் நின்றோம். வெளியே எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகு. தெக்கோங் அறுபது வயது மதிக்கத்தக்க மலாய்க்காரர். அவர் செய்த முதல் காரியம், ஆளுக்கொரு மிதவைச் சட்டையைக் கொடுத்து அணியச் சொன்னது. இரண்டாவது காரியம், பெரிய ஐஸ் பெட்டியைத் திறந்து, அரைத்த ஐஸ் விளிம்புவரை இருக்கிறதா என்று பார்த்தது. தூண்டிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "பார்த்தீங்களா?" என்பதுபோல் நண்பர் என்னை நோக்கிச் சிரித்தார்.

விடியும் வேளையில் பங்கோர் தீவைக் கடந்தோம். அன்பர்களே, இந்தத் தீவை உல்லாசத் தலம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 1874-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், இந்தக் கடலில் நங்கூரமிட்டிருந்த புளூட்டோ என்ற கப்பலில்தான் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பிறகே பேராக்கில் ஆங்கிலேய ரெசிடெண்டு வந்தார்; சாலை வந்தது; தோட்டம் வந்தது; நம் முன்னோரும் வந்தனர். அதே தீவில் கடலைப் பார்த்தபடி பத்திரகாளியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். மாசி மகத்தன்று பேராக்கின் பல மூலைகளிலிருந்தும் நம்மவர் அங்கே கூடுவர்.

தெற்கே புலாவ் செம்பிலான் தீவுகளை நோக்கிப் படகு திரும்பியது. செம்பிலான் என்றால் ஒன்பது. பெயருக்கேற்ப ஒன்பது தீவுகள்.

பறவை காட்டும் வழி

தொங்கோலைத் தேட முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும். நெத்திலிக் கூட்டத்தைத் தொங்கோல் கீழிருந்து மேலே விரட்டும். தப்பிக்க வழியின்றி நெத்திலி நீர்மட்டத்தில் துள்ளும். அதைக் கொத்தக் கடற்பறவைகள் வட்டமிடும். தெக்கோங் கை நீட்டிய திசையில், கடல் ஓரிடத்தில் மட்டும் உலைநீர்போல் கொதித்துக் கொண்டிருந்தது!

கூட்டத்துக்கு நடுவே படகை விட்டால் மீன் கலைந்து ஆழத்துக்குப் போய்விடும். ஆகவே ஓரமாக, காற்றுக்கு மேற்புறமாக நின்று, வெள்ளி நிறத்து ஈயத்தூண்டிலை நெத்திலிபோல் வீசி வேகமாக இழுக்க வேண்டும். நண்பருக்குத்தான் முதல் மீன் மாட்டியது. தங்கூசி நரம்பு சரசரவென்று ஓடியது. குளத்து விராலைப்போல் இது வேருக்குள் புகுந்து அடம் பிடிப்பதில்லை, நேரே ஓடுகிறது! பத்து நிமிடம் போராடிப் படகில் ஏற்றியபோது, வால் பலகையில் படபடவென்று உறுமிமேளம்போல் அடித்தது. முதுகிலே நீலத்தில் அலை அலையான கோடுகள். மார்புத் துடுப்பின் கீழே சில கரும்புள்ளிகள். இரண்டு கிலோவுக்குக் குறையாது.

"கையை வச்சுப் பாருங்க" என்றார் நண்பர். தொட்டேன். மீன் என்றால் சில்லென்றிருக்கும் என்பதுதானே நம் எண்ணம்? இது கதகதப்பாக இருந்தது!

இது சூரை இனத்து மீன். சூரை ஓயாமல் நீந்த வேண்டிய பிறவி. நின்றுவிட்டால் செவுளுக்குள் போதிய நீர் பாயாது, மூச்சு முட்டும். அந்த ஓயாத உழைப்பில் பிறக்கும் சூட்டை வெளியே விடாமல், தசைக்குள்ளேயே காத்து வைக்கும் இரத்தக்குழாய் அமைப்பு இதற்கு உண்டு. உயிர்க்காற்றைச் சேமிக்கும் சிவப்புப் பொருள் தசையில் நிறைந்திருப்பதால்தான் இறைச்சி கருஞ்சிவப்பாக இருக்கிறது. பாட்டிமார் சொன்ன 'கறுப்பு இரத்தமும் சூடும்' பொய்யல்ல. ஆனால் அது மீனின் குற்றமும் அல்ல. அது ஓடி உழைத்த உடம்பின் அடையாளம்.

கரப்பான் எங்கிருந்து வருகிறது?

மீன் படகில் விழுந்த மறு நிமிடமே தெக்கோங் செவுளுக்குள் கத்தியை விட்டு அறுத்து, இரத்தத்தை வடியவிட்டார். பிறகு, ஐஸோடு கடல்நீரும் கலந்து கூழாக்கி வைத்திருந்த பெட்டிக்குள் தலைவரை அமுக்கினார். வெறும் ஐஸைவிட இந்தக் கூழ் மீனின் எல்லாப் பக்கத்தையும் தழுவி விரைவில் குளிரச் செய்யும்.

இவ்வளவு அவசரம் ஏன்? சூரை, கெம்போங் போன்ற மீன்களின் தசையில் 'ஹிஸ்டிடின்' என்ற சத்து மிகுதி. செத்த மீன் வெயிலிலோ வெக்கையிலோ கிடந்தால், கிருமிகள் அதை 'ஹிஸ்டமின்' என்ற பொருளாக மாற்றிவிடும். அதுதான் முகம் சிவத்தல், உடம்பு தடித்து அரித்தல், தலைவலி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைத் தருகிறது. தாய்மார்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: ஒருமுறை உண்டாகிவிட்டால், எத்தனை கொதி வந்தாலும், எண்ணெயில் முறுகப் பொரித்தாலும் அது போகாது. வாடை வராமலும் இருக்கலாம். நாக்கில் மிளகு பட்டதுபோல் சுறுசுறுவென்றிருந்தால் உடனே தட்டைத் தள்ளிவிடுங்கள். மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். சிலருக்கு எந்த மீனும் ஒத்துக்கொள்ளாத உடம்பு இருக்கும். அது வேறு விஷயம்.

சூரை தமிழருக்கு அந்நியமும் அன்று. மாசிக் கருவாடு தெரியுமல்லவா? மாலத்தீவிலும் மினிக்காயிலும் சூரையை அவித்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்துச் செய்வதே மாசி. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் அதை இடித்துச் சம்பல் செய்து உண்கிறார்கள்.

"பாலிக்!"

ஒன்பது மீன் ஏறியிருக்கும். இன்னும் கடல் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. தெக்கோங் மட்டும் மேற்கே பார்த்தார். சுமத்ரா பக்கத்தில் வில்போல் வளைந்த கருமேகம் ஒன்று கிளம்பியிருந்தது. "பாலிக்!" என்றார். "இன்னும் ஒரு வீச்சு" என்று நண்பர் கெஞ்சினார். "மீன் நாளைக்கும் இருக்கும்" என்று மலாயில் சொல்லிவிட்டு எஞ்சினை முடுக்கினார் அவர்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்காலையிலும் காலையிலும் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் இந்தப் புயல்காற்றுக்குச் 'சுமத்ரா' என்றே பெயர். பாதி வழியில் எங்களைப் பிடித்துக்கொண்டது. ஒரு நொடியில் காற்று குளிர்ந்தது, கடல் வெள்ளையானது, எதிரே இருந்த தீவு மழையில் மறைந்தது. தெக்கோங் படகைத் தீவின் கிழக்குப் புறத்து மறைவில் கொண்டு நிறுத்தினார். ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. காலையில் வந்து மரம் வெட்ட விடாமல் நம் தாய்தந்தையரின் ஒரு நாள் கூலியைக் கெடுத்த மழைகளில், இந்தச் சுமத்ராவும் ஒன்றாக இருந்திருக்கும். அங்கே கூலி போனது. இங்கே உயிரே போயிருக்கும். ஒரு வீச்சு ஆசைக்குத் தெக்கோங் இணங்கியிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகமே!

மதியம் சித்தியவானில் நண்பரின் துணைவியார் மீனை அறுத்தார். நடுவிலே ஓடும் கரும்பட்டையை நீக்கி, பாதியைப் புளி கூட்டிக் குழம்பு வைத்தார். மீதியை அவித்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் புட்டு செய்தார். நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள்வரை என் உடம்பில் ஒரு தடிப்பும் இல்லை.

ஆகவே அன்பர்களே, மீன்காரர் தொங்கோல் கொண்டு வந்தால் விரட்ட வேண்டாம். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மீன் ஐஸில் புதைந்திருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, அழுத்தினால் சதை குழியாமல் எழுகிறதா என்று பாருங்கள். சந்தைக்குப் போனால் மீனைக் கடைசியாக வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் மீனைக் கவனியுங்கள். லுமுட் கடலுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். படகு ஏறுமுன் இரண்டே இரண்டைப் பாருங்கள்: ஆளுக்கொரு மிதவைச் சட்டை, பெட்டி நிறைய ஐஸ். தெக்கோங் "பாலிக்" என்றால் மறுபேச்சில்லாமல் தூண்டிலைச் சுருட்டுங்கள்.