குனிந்து பறிக்கிற முந்திரிகை

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு முந்திரிகை என்றால் அண்ணாந்து பார்க்கிற பழம். கொங்கிறீற் தூண், மேலே கம்பிப் பந்தல், கீழே நல்ல நிழல், கையை உயர்த்தினால் கறுத்த குலை. பாடப்புத்தகம் அதைத் திராட்சை என்று சொல்லும். வீட்டில் ஆரும் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. சுவிற்சர்லாந்தின் லவோச் சரிவில் முதல் கொடியைக் கண்டபோது எங்களுக்கு அது முந்திரிகையாகவே தெரியவில்லை. நெஞ்சளவு உயரத்துக்கு வெட்டி, கம்பியில் வரிசை வரிசையாகக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். குலைகள் முழங்காலுக்குச் சற்று மேலே தொங்கின. பறிக்கிறதென்றால் குனியவேணும்.

நாங்கள் என்றால் அக்காவும் தங்கச்சியும். செமஸ்ரர் லீவுக்கு லவுசானில் இருக்கிற மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். செப்ரெம்பர் கடைசி, அறுவடை தொடங்கியிருந்தது. மாமா வேலை செய்யிற ரெஸ்ரோரன்ற் திங்களில் பூட்டு. அதனால் ஒரு திங்கள் காலை லுற்றியில் றெயினால் இறங்கி, சான் சஃபோறான் வரைக்கும் கிட்டத்தட்ட 11 கிலோமீற்றர் நடந்தோம். வலக்கைப் பக்கம் முழுக்க ஜெனீவா ஏரி. அதுக்கு அங்கால பிரான்ஸின் மலைகள். இடக்கைப் பக்கம் சுவர், சுவருக்கு மேல் கொடி, அதுக்கு மேல் இன்னொரு சுவர். மஞ்சள் பலகைகள் வழி காட்டும், தொலைய ஏலாது.

லவோவில் பார்க்கவேண்டியது ஏரி என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். எங்களுக்குப் பிடித்தது சுவர்கள். எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நீட்டி வைத்தால் 400 கிலோமீற்றருக்கு மேல் வருமாம். பருத்தித்துறையிலிருந்து கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் மிச்சம் இருக்கும். 12ஆம் நூற்றாண்டில் இங்கே நிலம் பெற்ற சிஸ்ரேசியன் துறவிகள் சரிவை வெட்டிப் படியாக்கத் தொடங்கினார்கள். டெசாலே என்ற மிகச் செங்குத்தான பகுதி அவர்களுடைய வேலை. மழை பெய்தால் மண் கீழே இறங்கும். இறங்கின மண்ணை முதுகில் சுமந்து திரும்ப மேலே கொண்டுபோய்க் கொட்டவேணும். இதைப் பரம்பரை பரம்பரையாகச் செய்தார்கள் என்று நினைக்கவே எங்களுக்கு முதுகு நொந்தது. நாங்கள் நின்று வாசித்த பலகைகளில் துறவிகள் இருந்தார்கள், மண் சுமந்த சனம் இல்லை.

இங்கே மூன்று சூரியன் என்பார்கள். ஒன்று வானத்தில், ஒன்று ஏரியில் பட்டுத் திரும்பி வாறது, மூன்றாவது சுவர். பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிற கல். சுற்றுலாக்காரருக்காகச் சொல்லுகிற கதையாக்கும் என்றுதான் நினைத்தோம். எப்பெஸ் என்ற ஊரைத் தாண்டுகிறபோது பின்னேரம் மூன்று மணி. காற்று குளிர், ஜக்கற் போட்டிருந்தோம். சுவரில் கையை வைத்தால் அப்பதான் இறக்கி வைத்த சோற்றுப் பானை மாதிரி இருந்தது.

அறுவடை சத்தமில்லாத வேலை. தூரத்தில் நின்று பார்த்தால் இலைக்குள் முதுகுகள் மட்டும் தெரியும். ஒரு வரிசைக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு சின்னக் கத்தரி, காலடியில் பிளாஸ்ரிக் பெட்டி. குலையை வெட்டி, அழுகின பழத்தைக் கிள்ளி எறிந்துவிட்டுப் பெட்டிக்குள் வைப்பார்கள். படிகள் ஒடுக்கம், பெரிய மெஷின் ஒன்றும் உள்ளே வராது. ஆனால் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று சரிவில் நேர் மேலே ஏறுகிறது. அதில் பற்சில்லுப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி இயந்திரம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகும். முந்தி அதுவும் மனுசர் முதுகில்தான்.

பறித்துக்கொண்டிருந்த ஒரு போர்த்துக்கேய அம்மா எங்களைப் பார்த்துவிட்டு ஒரு குலை நீட்டினா. ஷாசெலா என்ற இனம், லவோவில் பெரும்பாலும் அதுதான். பச்சையுமில்லாத மஞ்சளுமில்லாத நிறம், வெயில் பட்ட பக்கத்தில் தவிட்டு நிறப் புள்ளி. மெல்லிய தோல், வாய்க்குள் வைத்தவுடன் தண்ணி. எங்கட ஊர்ப் பழத்தின்ர புளிப்பு இல்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் புளிப்பில்லாமல் எங்களுக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்தது. அதை அவவிடம் சொல்லவில்லை.

ஃபோட்டோக்களைப் பார்த்த எங்கள் பற்ச் பிள்ளை ஒருத்தி, ஹட்டன்காரி, ஒரேயொரு மெசேஜ்தான் போட்டாள்: "சரி, லயம் எங்க இருக்கு?" நாங்கள் மாமாவைக் கேட்டோம். பறிக்க வாற ஆக்கள் கொஞ்ச நாளைக்குத்தான் வருவினம், தோட்டக்காரர் இடம் குடுப்பினம், முடிஞ்சால் போயிடுவினம் என்றார். அவருக்குத் தெரியும். 90களின் தொடக்கத்தில் வந்த புதிதில், கிச்சினில் கோப்பை கழுவுற வேலை கிடைக்க முதல், பத்து நாள் இங்கே குனிந்து நின்றவர். "ஊரில எங்கட தோட்டத்தில பந்தலுக்குக் கீழ நிண்டு பறிச்ச கை. இதென்ன பெரிய வேலையெண்டு வந்தன். ரெண்டாம் நாள் கட்டிலால எழும்ப ஏலாமல் போச்சு."

எங்கே திரும்பினாலும் கண்ணில் ஒரு புது வீடுகூடப் படவில்லை. இப்படியொரு ஏரிக்கரையில், லவுசானிலிருந்து றெயினில் பத்து நிமிசத்தில், ஏன் ஒருவரும் வீடு கட்டவில்லை? அது தானாக நடந்ததல்ல. ஃபிரான்ஸ் வேபர் என்ற சூழலியலாளர் கையெழுத்துச் சேர்த்து, 1977இல் வோ மாநில மக்களை வாக்குப்போட வைத்தார். லவோவைக் கட்டடங்களிலிருந்து காக்கவேணும் என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். புதிய அரசியலமைப்பு வந்தபோது அந்த வரி காணாமல் போனது. 2005இல் திரும்ப வாக்கு, திரும்ப வென்றது. 2007இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2014இல் வேபர் மூன்றாம் தரமும் வந்தார், இன்னும் இறுக்கமாக. அதைத் தோட்டக்காரர்களே பெரும்பாலும் விரும்பவில்லை. ஒரு கொட்டில் போடவும் ஏலாமல் தோட்டம் செய்யிறது எப்பிடி என்பது அவர்களுடைய கேள்வி. சனம் அதைத் தோற்கடித்து, அரசு வைத்த மாற்று யோசனைக்கு ஓம் சொன்னது. சுவிஸ் வைனில் நூற்றுக்கு ஒன்றிரண்டு வீதம்தான் வெளிநாட்டுக்குப் போகிறது. உள்ளூரிலோ குடிக்கிறது குறைந்துகொண்டு வருகிறது. சட்டம் நிலத்தைக் காக்கும், குனிகிற ஆளைக் காக்குமா என்பது வேறு கதை.

அந்த 2014 வாக்கில் மாமாவும் போட்டவர். அப்ப அவருக்குச் சுவிஸ் பாஸ்போட் கிடைத்துக் கொஞ்சக் காலம். "ரெண்டுக்கும் ஓம் எண்டு போட்டனான். இந்த இடத்தில ஃபிளாட் வந்தால் பார்க்க ஏலுமே?" என்றார், றிவாவுக்கு மேலே ஒரு வாங்கில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டு.

நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். நீர்வேலிப் பக்கம் தாத்தாவின் முந்திரிகைத் தோட்டம் ஆறு பரப்பு. 1995 இடப்பெயர்வோடு பந்தல் விழுந்தது. பிறகு கொஞ்ச நாள் புகையிலை, கொஞ்ச நாள் வெங்காயம், பிறகு பற்றை. அந்தக் காணியை விற்கிறதுக்கு மாமா இங்கேயிருந்து அற்றோர்ணித் தத்துவம் எழுதி அனுப்பினது 2015இல். வாங்கினவர்கள் துண்டு துண்டாக வீடு கட்டினார்கள். அவர்களும் பெரும்பாலும் வெளிநாட்டுக் காசில்தான். சிவப்பு மண் எவ்வளவு அருமை என்று ஊரில் எல்லாரும் பேசுவோம். அதுக்கு மேல் மாபிள் பதிக்கிறதையும் எல்லாரும் செய்கிறோம்.

தங்கச்சி கேட்டே விட்டாள். "அப்ப எங்கட தோட்டத்துக்கு ஏன் மாமா ஓம் போடேல்லை?"

மாமா கோபப்படவில்லை. தோலை ஒரு பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். "ஆர் பிள்ளை செய்யிறது? நீங்கள் செய்வியளே? ரெண்டு பேரும் கம்பசில படிக்கிறியள். அப்பு நட்டத்தோடதான் செய்தவர். எனக்கு அங்க ஆரும் வாக்குச்சீட்டு அனுப்பேல்லை. உறுதியைத்தான் அனுப்பினவை." கொஞ்சம் பொறுத்து, "அந்தக் காசிலதான் உங்கட அம்மாவின்ர ஒப்பரேசனும் நடந்தது" என்றார்.

அதுக்குப் பிறகு சான் சஃபோறான் மட்டும் பெரிதாகக் கதைக்கவில்லை. ஸ்ரேசனில் றெயின் வர இருபது நிமிசம் இருந்தது. அப்பதான் மாமா கேட்டார், அந்தக் கிணறு இன்னும் இருக்கா என்று.

இருக்கு. ஆறு பரப்பிலும் வீடு வந்த பிறகும் அது மட்டும் மிஞ்சியிருக்கு. பங்குக் கிணறு. பக்கத்துக் காணிக்காரருக்கும் அதில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் உண்டென்று பழைய உறுதியில் எழுதிக் கிடக்கிறபடியால் ஒருவராலும் தூர்க்க முடியவில்லை.